பட்டி பூசுவதற்கு முன் பார்க்க விடாத பட்டறைக்குப் பழைய வண்டியைக் கொடுக்காதீர்கள்

பழைய லாரி கேபினின் கூரையைத் தாழ்த்திக் கட்டும் ஆசையோடு சென்னையில் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மாதவரம் பக்கத்தில் ஒரு டிங்கரிங் பட்டறை என்னிடம் 70,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நல்ல கேபின் ஒன்றைக் குட்டிச்சுவராக்கித் திருப்பித் தந்திருக்கிறது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்த தந்திரங்கள் வேறு எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியவைதான்.

வண்டி, மூக்கு நீண்ட பழைய ஃபார்கோ. மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரின் உரிமத்தோடு டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று மூன்று பெயர்களில் லாரிகளை விட்ட காலத்துச் சரக்கு. முழு லாரி இல்லை. கேபினும், அதைத் தாங்கும் அளவுக்கு அறுத்த சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்)தான். நம் ஊர் லாரிகளில் பல வெறும் சேஸிஸாக வந்து, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரச்சட்டம் வைத்துக் கேபின் கட்டப்பட்டவை. முழுக்கத் தகட்டாலேயே அமைந்த கேபின், அதுவும் தரை துருப்பிடிக்காமல், உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் லேசில் கிடைக்காது. ஆத்திரம் அதனால்தான். சாலையில் ஓட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆவடியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நிறுத்தி, மாலை நேரங்களில் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிப்பதாகத் திட்டம். இது எனக்கு முதல் வண்டி. எனவே, கூரையை அறுத்துச் சேர்க்கும் வேலையை மட்டும் கைதேர்ந்தவர் செய்யட்டும் என்று வெளியே கொடுத்தேன்.

அந்த வேலை கேட்பதற்கு எளிது. ஜன்னல்களுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களில் 3 அங்குலம் அறுத்து எடு, கூரையை இறக்கு, பற்றவை. 1930, 40களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் கார் விரட்டிய இளைஞர்கள் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கச் செய்த வேலை இது. பிறகு அழகுக்காகவே செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், கேபின் மேலே போகப் போகக் குறுகுகிறது. முன்கண்ணாடித் தூண்கள் பின்பக்கம் சாய்ந்திருக்கின்றன. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த தூணில் 3 அங்குல உயரத்தை எடுத்துவிட்டுக் கூரையை நேராக இறக்கினால், மேல்முனை கீழ்முனைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அங்குலம் தள்ளி நிற்கும். கூரையை முன்னுக்கு இழுத்தால் பின்பக்கம் வாயைப் பிளக்கும். ஆகவே கூரையையே குறுக்கே அறுத்து, நடுவில் தகட்டுப் பட்டை சேர்த்து நீட்டுவார்கள். அல்லது தூணின் அடியில் பாதி அறுத்து அதை இன்னும் பின்னால் சாய்ப்பார்கள். கதவுகளின் மேற்சட்டத்துக்கும் இதே வைத்தியம். இதற்கெல்லாம் முன்னால், கேபினைச் சமதளத்தில் போல்ட் போட்டு நிறுத்தி, கதவு வாசல்களின் குறுக்கிலும் உள்ளே மூலைக்கு மூலையும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து இறுக்க வேண்டும். தூண்களைப் பிடித்து நிறுத்துவது கூரைதான். அதை எடுத்ததும் கேபின் தன் இஷ்டத்துக்கு விரியும்.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் பேசித்தான் கொடுத்தேன். "சார், இந்த மாதிரி எத்தனையோ செய்தாகிவிட்டது. குழாய் கட்டுவதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?" என்று சிரித்தார். 18 கேஜ் தடிமனில் சி.ஆர். தகடு (சூடாக்காமல் உருட்டிய வழவழப்பான இரும்புத் தகடு), வாயுவின் காப்பில் கம்பியை ஊட்டிப் பற்றவைக்கும் சி.ஓ.2 வெல்டிங், மேடுபள்ளங்களை நிரப்பும் பசையான பட்டியைப் பூசுவதற்கு முன் நான் வந்து பார்ப்பது, மூன்றுக்கும் தலையாட்டினார். மொத்தம் 85,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000 என்று நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். முறையான பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று என்மேல் கரிசனம் காட்டினார். அந்த நாள்காட்டித் தாளும் வங்கி வழியாக அனுப்பிய பணத்தின் பதிவும்தான் இப்போது என் வழக்கின் முதுகெலும்பு.

பிறகு தொடங்கியது வாட்ஸ்அப் படலம். படங்கள் வரும்; எல்லாம் இருட்டில், எட்டத்திலிருந்து, இடப்பக்கத்தை மட்டும் காட்டுபவை. வலப்பக்கம் கேட்டால் கரண்ட் இல்லை. நேரில் வருகிறேன் என்றால், "நாளைக்கு வாருங்கள் சார், இன்றைக்குப் பக்கத்து வண்டிக்குப் பெயின்ட் ஓடுகிறது, தூசி ஆகாது" என்பார். இடையில் தகடு விலை ஏறிவிட்டதென்று இன்னொரு 30,000 வாங்கினார். சொல்லாமல் போய் நின்ற அன்று, பட்டியெல்லாம் தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமரும் அடித்து, கேபின் பளிச்சென்று இருந்தது. பார்க்கிறவர் கண் முதலில் ஏமாறும்.

கதவைச் சாத்திப் பார்த்தேன், சாத்தவில்லை. மேல்மூலை இடித்தது, பூட்டுப் பக்கம் விரல் நுழையும் இடைவெளி. "ரப்பர் போட்டால் உட்கார்ந்துவிடும்" என்றார். கையோடு கொண்டுபோயிருந்த சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தூணில் வைத்தேன். நழுவி விழுந்தது. அடியில் தகடு இருந்தால் காந்தம் பிடிக்கும். மேலே பட்டி தடித்திருந்தால் பிடிக்காது. வலப்பக்கத் தூணில் வெட்டு விழுந்த இடம் முழுவதும் பிடிக்கவே இல்லை. 2, 3 மில்லிமீட்டரோடு நிற்க வேண்டிய பட்டி அங்கே அரை அங்குலத்தைத் தாண்டியிருந்தது. மேஸ்திரி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: பழைய தகட்டில் காந்தம் பிடிக்காதாம்.

வண்டியை ஆவடிக்கு இழுத்துவந்து சுரண்டியபோது முழு லட்சணமும் வெளியே வந்தது. குறுக்குக் குழாய் பற்றவைத்த தடயம் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தூண்களையும் கேஸ் கட்டரால் அறுத்திருக்கிறார்கள். விளிம்புகள் கருகி உருகியிருந்தன. கூரையை நீட்டவில்லை. விலகி நின்ற முனைகளுக்கு நடுவே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டுத் துண்டுகளைச் செருகி, சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்டியிருந்தார்கள். துத்தநாகப் பூச்சை உரிக்காமல் பற்றவைத்தால் துத்தநாகம் ஆவியாகி, வெல்டிங் ஓட்டை ஓட்டையாக நிற்கும். சுற்றிலும் வெள்ளைப் பொடி படியும். என் தூண்களில் இரண்டும் இருந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும். அங்கே முகத்தில் கைக்குட்டைகூடக் கட்டாமல் பற்றவைத்துக்கொண்டிருந்த இளைஞரை நினைத்தால் என் கேபினைவிட அதுதான் உறுத்துகிறது. மெல்லிய தகட்டில் வெல்டிங்கைப் பொட்டுப் பொட்டாக, இடம் மாற்றி மாற்றி, சூடு ஆறவிட்டு வைக்க வேண்டும். இவர்கள் ஒரே கோடாக இழுத்ததில் கூரை ஓரம் பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டது. அந்த நெளிவையும் பட்டிதான் மூடியிருந்தது. பெரிய பள்ளங்களில் பழந்துணியும் வேஸ்ட் காட்டனும். அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே பட்டி வெடிக்கும்போது மேஸ்திரி, "பராமரிப்பு சரியில்லை" என்பார்.

கதவுக் கண்ணாடிகளையும் உயரம் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். என் கதவில் இருந்தவை டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றியது. மூலையில் முத்திரையே இருக்கிறது. செய்து முடித்த டஃபன்ட் கண்ணாடியை யாராலும் வெட்ட முடியாது, முழுதும் பொடிப்பொடியாகச் சிதறும். நடுவே படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியைத்தான், அதுவும் தட்டையாக இருந்தால், நல்ல கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். என் கதவுக் கண்ணாடிகள் இரண்டையும் உடைத்துவிட்டு, "பழசு சார், தானாகவே போய்விட்டது" என்று புதுக் கண்ணாடிக்கு 6,000 கேட்டார். கொடுக்கவில்லை.

இன்னொரு வசூலும் உண்டு. மாற்றிய வண்டியை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றித் தருகிறாராம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆள் இருக்கிறதாம், 15,000 ரூபாயாம், ரசீது கிடையாதாம். எனக்கு அது தேவைப்படவில்லை. பழைய வேன் ஒன்றின் கூரையைத் தாழ்த்த அங்கே கொடுத்திருந்த திருவொற்றியூர்க்காரர் ஒருவர் கட்டிவிட்டார். இன்றுவரை அவருக்கு ஒரு காகிதமும் வரவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் வாங்கிய மேஸ்திரியின் பெயர் ஆர்.சி.யில் இருக்காது.

அம்பத்தூரில் வயதான டிங்கர் ஒருவர் சுரண்டிய கேபினை வந்து பார்த்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இதில் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை தம்பி, வேறு கேபினின் தூண்களை முழுசாக எடுத்துவந்தால் செய்யலாம்" என்றார். அவர் வைத்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. நீங்களும் இதையே கேளுங்கள். தகட்டை நாமே பாரிமுனையில் வாங்கிக் கொடுக்க வேண்டும். குழாய் கட்டி முடித்ததும் நம்மைக் கூப்பிடுவார். கதவு இடைவெளிகளையும் மூலைவிட்ட நீளங்களையும் இருவரும் அளந்து கேபின் மேலேயே சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்த பிறகுதான் அறுப்பார். வெல்டிங் முடிந்து, கதவுகள் சாத்தித் திறந்து, தகடு வெறுமையாக இருக்கும் நிலையில் இரண்டாம் தவணை. மீதி கடைசியில். பட்டியை அவர் தொடவே மாட்டாராம், அது நம் பாடு. அவரிடம் கூலி அதிகம், காத்திருக்கவும் வேண்டும்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். சேவைக் குறைபாட்டுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பட்டியைச் சுரண்டும்போது ஒவ்வொரு அடுக்கையும், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நான் அனுப்பிய நோட்டீஸுக்கு வந்த பதிலில் பட்டறைக்காரர், கேபின் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார். கொடுப்பதற்கு முதல் நாள் எடுத்த படங்கள் ஆணையத்தின் கையில் இருக்கின்றன.

பத்திரமாக வைத்திருப்பதாகக் கழற்றிய டாஷ்போர்டு மீட்டரும், இரண்டு கதவுக் கைப்பிடிகளும், மூக்கிலிருந்த ஃபார்கோ எழுத்துகளும் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால், எலி கொண்டுபோயிருக்கும் என்கிற தோரணையில் பதில். புதுப்பேட்டைக் கடைகளில் பழைய மீட்டர் தேடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்: கண்ணாடியின் வலது கீழ் மூலையில் பிறைபோல ஒரு விரிசல், பின்பக்கம் சிவப்பு ஒயர் ஒன்று துணிநாடா சுற்றியபடி தொங்கும். பார்த்தால் விலை பேசாமல் ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.