பல்லைத் தேய வைக்கும் பழக்கங்கள்: எதற்கு எந்த மாற்று பொருந்தும்?

பல்லைக் கெடுக்கும் பழக்கங்கள் எவை என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவதற்குச் சொல்லப்படும் வழிகளுள் எது உண்மையில் பயன் தரும் என்பதில்தான் குழப்பம். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான திசு என்றாலும், அதில் உயிருள்ள செல்கள் இல்லாததால், முறிந்த எலும்பு கூடுவதைப் போல, தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, தேய்மானத்தைத் தொடக்கத்திலேயே தடுப்பது எது என்பதையே இந்த ஒப்பீட்டின் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அழுத்தித் துலக்கும் பழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று மாதம் ஆவதற்கு முன்பே பிரஷ்ஷின் இழைகள் இரு பக்கமும் விரிந்து கிடப்பதும், கோரைப்பல்லில் ஈறை ஒட்டிய ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் இடறுகிற ஒரு பள்ளம் தென்படுவதும் இதன் அடையாளங்கள். இதற்கு முன்வைக்கப்படும் மாற்றுகள் இரண்டு: மென்மையான இழைகள் கொண்ட சாதாரண பிரஷ், அழுத்தம் மிகும்போது விளக்கெரிந்து எச்சரிக்கும் மின் பிரஷ். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதங்களுக்கு மேல் மின் பிரஷ் பயன்படுத்தியோருக்கு, சாதாரண பிரஷ் பயன்படுத்தியோரைவிட, பற்படலம் (பல்லில் படியும் கிருமிப் படிவு) 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் கூடுதலாகக் குறைந்தன. எனினும், மின் பிரஷ்ஷையும் சாதாரண பிரஷ்ஷைப் போலவே முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பவருக்கு அந்த விளக்கைத் தவிர வேறு ஆதாயம் இல்லை. சாதாரண பிரஷ்ஷையே விரும்புவோர், அதை முஷ்டியால் பற்றாமல் பேனாவைப் போல விரல் நுனிகளால் பிடித்து, ஈற்றோரத்தை நோக்கி 45 பாகை சாய்த்துச் சிறு அசைவுகளாகத் துலக்கினால், செலவின்றியே விசை பெருமளவு குறையும். ஆயினும் கை தன்னையறியாமல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடக்கூடியது என்பதால், நெடுநாள் அழுத்தித் துலக்கியவருக்கு எச்சரிக்கும் பிரஷ்ஷே மேல் என்பது என் கணிப்பு.

அடுத்தது, புளிப்பும் வாயுவும் கலந்த பானங்களைச் சிறிது சிறிதாகப் பருகும் பழக்கம். என் பார்வையில் இதுவே பலராலும் குறைவாக மதிப்பிடப்படுவது. வாயின் பிஹெச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. கோலா பானங்களின் பிஹெச்சோ 2.5ஐ ஒட்டியது. உமிழ்நீர் இந்த அமிலத்தைச் சமன்படுத்த நேரம் எடுத்துக்கொள்வதால், ஒரே புட்டியைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உறிஞ்சுபவரின் பற்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. சர்க்கரையற்ற பானத்துக்கு மாறுவது சொத்தைக்கான வாய்ப்பைக் குறைக்குமே தவிர, அமிலம் அப்படியே இருப்பதால் எனாமல் அரிக்கப்படுவதைத் தடுக்காது. உறிஞ்சுகுழலும் அதன் நுனி வாயின் பின்பகுதியை நோக்கி இருந்தால் மட்டுமே உதவும். பலர் நல்லதென்று நம்பிச் செய்கிற வேறொரு காரியம், குடித்து முடித்தவுடன் பல் துலக்குவது. இளகியிருக்கும் மேற்பரப்பை அப்போது தேய்ப்பதால் சேதம் கூடக்கூடும். உடனே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குவதே ஏற்றது. இவை அனைத்திலும் எளியதும் பயன் மிக்கதும், அந்தப் பானத்தை உணவு வேளையோடு சேர்த்து ஒரே மூச்சில் முடித்துக்கொள்வதுதான்.

உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பவருக்கு மன உறுதி உதவாது. கடையில் வாங்கி வெந்நீரில் இளக்கிப் பொருத்திக்கொள்ளும் பல் காப்புறை மலிவானது. ஆனால் பெரும்பாலும் பருமனாகவும் தளர்வாகவும் இருக்கும். மென்மையான வகை சிலருக்குக் கடிக்கும் வேகத்தை மேலும் தூண்டிவிடுவதும் உண்டு. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தரும் கடின அக்ரிலிக் உறை செலவு கூடியதாயினும் நீடித்து உழைக்கும். இரண்டுமே பழக்கத்தை ஒழிப்பதில்லை. பல்லுக்குப் பதிலாகத் தாம் தேய்கின்றன, அவ்வளவே. குறட்டையும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதித்துக்கொள்வது அவசியம். பகலில் பல்லை இறுக்குபவருக்கோ எந்த உறையும் வேண்டாம். உதடுகள் சேர்ந்தும் பற்கள் விலகியும் இருக்கின்றனவா என்று அவ்வப்போது கவனித்துச் சரிசெய்துகொள்வதே அதற்கான பயிற்சி.

நகம் கடிப்போர் நாடும் கசப்புப் பூச்சு, நாக்கு அதற்குப் பழகும்வரைதான் வேலை செய்யும். அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் முன்வைத்த மாற்றுச் செயல் முறையில், கை வாயை நோக்கி எழுவதை உணர்ந்த கணமே விரல்களை மடக்கிச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது மெதுவாகப் பலன் தந்தாலும், பேனா கடிப்பவருக்கும் பொருந்துகிறது. பொட்டலங்களின் உறைகளைப் பல்லால் கிழிப்பவருக்கு மேசை இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் போதும். அதற்குப் போட்டியாக வைத்து ஒப்பிட வேறு வழி எதுவும் இல்லை.