கொரியாவுக்குத் திரும்பும் தத்துப்பிள்ளைகளுக்கான குழுப் பயணம்: ஒரு மதிப்பீடு

1985ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தென்கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் என் மனைவியும் ஒருவர். அவர்களைப் பிறந்த நாட்டுக்கு அழைத்துச் செல்லும் குழுப் பயணம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் துணையாகச் சென்றேன்.

தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றில் குறையில்லை. ஹான்போக் என்னும் கொரிய மரபுடையை உடுத்தி அரண்மனை முற்றத்தில் படம் எடுத்துக்கொள்வதும் கிம்ச்சி என்னும் புளிக்கவைத்த காய்கறி உணவைச் செய்யக் கற்பதும் எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் கிடைப்பவையே. அவற்றுக்கு இத்தனை நேரம் தேவையில்லை. சியோல் சுரங்க ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் என் மனைவியிடம் இயல்பாகக் கொரிய மொழியில் பேச்சுக் கொடுத்ததும், பதில் சொல்ல முடியாமல் அவர் கூசி நின்றதுமே அவரை அதிகம் உலுக்கின. என்னிடம் அந்த மொழியை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது வேறு. அன்றிரவு சக தத்துப்பிள்ளைகள் கூடிப் பேச ஏற்பாட்டாளர்கள் இடமளித்தது இப்பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி.

தத்துக் கோப்பைப் பார்க்கும் நாளில்தான் சேவை சறுக்கியது. குழு முழுவதற்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர் என்பதால், பிறந்த இடம், சேர்த்தவர் விவரம், கையெழுத்து என்று வரிக்கு வரி கேட்க வேண்டிய தாள்களை என் மனைவி அவசரமாகப் புரட்ட நேர்ந்தது. பெற்றோர் இருந்த குழந்தைகளும் அநாதைகள் எனப் பதியப்பட்டதை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. ஆகவே, பதிவேட்டில் பெற்றோர் பெயர் இல்லாததை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதைக் கோப்பைத் திறக்கும் முன்பே ஒருவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். பெற்றோரின் விவரங்களை வெளியிடப் பொதுவாக அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்ற சட்ட நிலையையும் அங்கே போன பிறகே சொன்னார்கள். பெற்றோரைப் பற்றிய தகவல் இல்லாதவர்கள் மரபணு மாதிரியைப் பல நாடுகளிலுள்ள கொரியத் தூதரகங்களிலேயே பதிந்துகொள்ளும் வசதி 2020 முதல் இருந்தும், எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை.

மொழி தெரியாமல் தனியே செல்லத் தயங்குபவர்களுக்கு இப்பயணத்தைப் பரிந்துரைப்பேன். ஆயினும் பணம் கட்டும் முன், ஒவ்வொருவருக்கும் கோப்பு பார்க்க எவ்வளவு நேரம், எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2025 ஜூலை முதல் தத்தெடுப்புப் பொறுப்பு தனியார் முகமைகளிடமிருந்து அரசுக்கு மாறியிருப்பதால், கோப்புக்கான விண்ணப்பத்தைப் புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.