குறைந்த விலை ஆக்டிவ் கிராஸ்ஓவர்: குமிழ் வேண்டுமா, டிஎஸ்பி வேண்டுமா?

ஆம்பிளிஃபயருக்கு முன்பே ஒலியைத் தாழ்சுருதி, மேல்சுருதி என்று பிரித்துத் தரும் ஆக்டிவ் கிராஸ்ஓவர்களில், பெஹ்ரிங்கர் சி.எக்ஸ். 2310, டிபிஎக்ஸ் 223 எக்ஸ்.எஸ்., மினிடிஎஸ்பி 2×4 எச்டி ஆகிய மூன்றும் வீட்டு ஒலியமைப்புக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை.

முதல் இரண்டும் குமிழைத் திருகி அமைக்கும் அனலாக் கருவிகள்; மூன்றாவது, ஒலியை எண்களாக மாற்றிக் கையாளும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்) கருவி. அனலாக் இரண்டிலும் ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபெல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டிதான் உள்ளது. பிரியும் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபெல் தாழ்ந்து, சேரும்போது சமமாகிவிடும். பெஹ்ரிங்கரில், மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபருக்கென்று தனி வெளியீடு உண்டு என்பதால், இவ்விரண்டில் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். இவை மேடைக் கருவிகள். வீட்டு பிளேயரின் ஆர்சிஏ கேபிளை இவற்றின் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டில் சேர்க்கும்போது, நடுக்கம்பியை 2ஆம் பின்னிலும், உறைக்கம்பியை 1, 3 ஆகிய இரண்டிலும் இணைக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸில் பிரிக்க நினைத்தால், அச்சிட்ட கோடுகளுக்கு இடையே கண்ணளவில்தான் குமிழை நிறுத்த முடியும். அதையும் இடது சேனலுக்கு ஒருமுறை, வலது சேனலுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

ஆனால் குமிழைவிடப் பெரிய சிக்கல் தொலைவு. சப்வூஃபர் மூலையில், மற்ற ஸ்பீக்கர்களைவிட ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி சுமார் 3 மில்லி வினாடி பிந்தி வருகிறது. 80 ஹெர்ட்ஸில் ஓர் அலைச்சுற்று 12.5 மில்லி வினாடிதான் என்பதால், கிட்டத்தட்ட கால் சுற்று விலகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்சுருதிப் பக்கம்) அடி இறுக்கமாக ஒலிக்காமல் கலங்கிப்போவதற்கு அதுவே போதும். இந்த இரு அனலாக் கருவிகளிலும் துருவத்தைத் திருப்பி அலையைத் தலைகீழாக்கலாமே தவிர, தாமதம் சேர்க்க இயலாது.

மினிடிஎஸ்பியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனித் தாமதமும் சமனாக்கியும் (ஈக்வலைசர்) உண்டு. ஆர்சிஏ இணைப்பே இருப்பதால் கேபிள் தொல்லையும் இல்லை. அமைப்பதற்கு மட்டும் கணிப்பொறி தேவை, பிறகு அமைப்புகள் கருவியிலேயே நிலைத்திருக்கும். இசைத்தட்டின் ஒலியை எண்களாக மாற்றுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். 96 கிலோஹெர்ட்ஸில் நடக்கும் அந்த மாற்றத்தால் வரும் இழப்பைவிட, தாமதம் சரியாவதால் வரும் லாபம் மிகப் பெரியது என்றே நான் கருதுகிறேன். சப்வூஃபர் வைத்திருப்போர் கூடுதல் பணம் கொடுத்தாவது இதையே வாங்கலாம். நான்கே வெளியீடுகள் என்பதால் இருபக்கமும் ஒலியை மூன்றாகப் பிரிக்கும் மூவழி ஸ்டீரியோவுக்கு இது போதாது. அதற்கு ஆறு வெளியீடுள்ள பெஹ்ரிங்கர் டி.சி.எக்ஸ். 2496 போன்றது வேண்டும்.

எதை வாங்கினாலும், மேல்சுருதிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரை ஆம்பிளிஃபயரோடு நேரடியாக இணைப்பவர்கள், இடையில் தொடராக ஒரு மின்தேக்கியைச் சேர்த்துவிட வேண்டும். சுவிட்சைப் போடும்போது எழும் ஒரு ‘டப்’ ஒலியே ட்வீட்டரின் சுருளை எரித்துவிடக்கூடும்.