சுவரில் ஓதம்: பாலித்தீன் தாளா, மீட்டரா, காற்றுப் பரிசோதனையா?

ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. இரண்டிலும் நனைகிற குமரி மாவட்டத்தில் சுவர் காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. குழித்துறை அருகே அம்மா வசிக்கும் வீட்டில் படுக்கையறைச் சுவர் 2 ஆண்டுகளாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். மருத்துவரிடம் காட்டினோம். ஆனால் சுவருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள்தானே கண்டுபிடிக்க வேண்டும்?

காற்றின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். பூஞ்சண வித்துகள் வெளிக்காற்றிலும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் கேட்கவே வேண்டாம். இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்ற வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுக்கவும் போக்கவுமே அது சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்தை எண்ணிப் பார்க்கச் செலவழிப்பது வீண்.

அடுத்தது, இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்தும் ஈரப்பத மீட்டர். உடனே எண் காட்டுவதால் நம்பத் தோன்றும். ஆனால் அது அளப்பது நீரை அல்ல, மின்தடையை. உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்பேறிய சுவர், ஈரம் குறைவாக இருந்தாலும் மீட்டரில் நனைந்ததாகவே தெரியலாம். எனவே எண்ணை விட்டுவிட்டு அது மாறும் விதத்தைப் பாருங்கள். தரையிலிருந்து சாண் சாணாக மேலே அளந்துகொண்டு போகும்போது எண் குறைந்தால் ஓதம் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். மேலே போகப் போகக் கூடினால் மொட்டை மாடியை ஆராய வேண்டும்.

என் வாக்கு பாலித்தீன் தாளுக்கே. ஓர் அடிச் சதுரத்தில் வெட்டி, நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி சுவரில் டேப்பால் ஒட்டி 2 நாள் விடுங்கள். அறைப் பக்கம் துளிகள் நின்றால் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. சமையல் ஆவியும் அறைக்குள் உலர்த்தும் துணியும் காரணமாகலாம். தாளின் பின்னால், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளேயே இருக்கிறது. காசில்லாத இந்தச் சோதனை, பெயிண்ட் அடிப்பதா ஜன்னலைத் திறப்பதா என்ற நீண்ட வாக்குவாதத்தை எங்கள் வீட்டில் முடித்து வைத்தது.

ஜன்னல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். அடைமழையில் வெளியிலேயே அதைவிட அதிகம் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து அறையை உலர்த்த முடியாது.

எங்கள் வீட்டில் தாளின் பின்பக்கம்தான் நனைந்திருந்தது. மீட்டரிலும் கீழேதான் எண் கூடுதல். முற்றத்தில் கல் பதித்தபோது மண்ணை உயர்த்தி, சுவரடியில் இருந்த ஓதத்தடுப்புப் பூச்சைப் புதைத்திருக்கிறார்கள். மண்ணை வெட்டி இறக்கி, கூரைத் தண்ணீர் விலகி ஓட வழி செய்தோம். மாதம் ஒருமுறை அதே இடங்களில் மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். எண் இறங்கி வருகிறது. முழுதும் காயும் வரை அந்தச் சுவரில் பெயிண்ட் படாது.