முன் சஸ்பென்ஷன் கிட் வாங்கப் போகிறீர்களா? மாட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஸ்போர்ட் ஏடிவிக்கு (நான்கு சக்கரக் காட்டு பைக்) முன் ஷாக்கும் ஏ-ஆர்மும் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கை) மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தலையில் ஒரு குப்பையைக் கட்டிவிட்டார்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை, பண விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த வித்தைகள் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தவை அல்ல. நாளை வேறொருவர் உங்களிடமும் காட்டலாம்.

என்னுடையது ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ். 1999 மாடலாக வந்து 2008 வரை அதே பெயரில் விற்ற வண்டி. எஞ்சின் லேசில் சாகாது. முன் ஷாக்தான் அந்தக் காலத்து ரகம்: ஸ்பிரிங்கின் பிரீலோடை (முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் தொட ஒன்றும் இல்லை. ரிசர்வாயர் (ஷாக்கோடு இணைந்த கூடுதல் எண்ணெய்க் குப்பி) கிடையாது, கம்ப்ரஷன், ரீபவுண்ட் கிளிக்கர் (ஷாக் உள்ளே போகும், திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) கிடையாது. சின்னக் குழிகள் வரிசையாக வந்தால் ஹேண்டில் கையை உலுக்கி எடுத்துவிடும். இந்த வண்டியில் பலர் டிஆர்எக்ஸ்450ஆர் ஷாக்கை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சிக்கனமான, நல்ல வழி. நான் அகலமும் வேண்டும் என்பதால் முழு கிட்டாகத் தேடினேன்.

விளம்பரம் கண்ணைப் பறித்தது. லாங் டிராவல் ஷாக் (சக்கரம் மேலும் கீழும் அதிக தூரம் போக விடுவது), ரிசர்வாயருடன், புதிதாக ரீபில்ட் செய்தது. குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) ஏ-ஆர்ம், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் அகலம், சக்கரம் ஓர் அங்குலம் முன்தள்ளல். "போல்ட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது" என்றார். போனில் நன்றாகவே பேசினார். ஆனால் என் எடை என்ன என்று அவர் கேட்கவில்லை. எங்கே ஓட்டுகிறேன், மரங்களுக்கு நடுவிலா, மணல்மேட்டிலா, தாவிக் குதிக்கும் டிராக்கிலா என்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, "இது எல்லாருக்கும் சரியாக இருக்கும் சார்" என்றார். எல்லாருக்கும் சரியான ஸ்பிரிங் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அறுபது கிலோ ஆளும் நூறு கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் ஒருவருக்கு வண்டி கட்டை, இன்னொருவருக்கு ஊஞ்சல். அகலமும் அப்படித்தான். மோட்டோகிராஸ் பந்தய ஏடிவிகள் 50 அங்குலம் வரை அகலமாக நிற்கும். அதே வண்டி காட்டுப் பாதையில் இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

பெட்டி வந்தது. ஏ-ஆர்ம் இருந்தது, ஷாக் இருந்தது, நீளமான டை ராட் இல்லை, நீளமான பிரேக் ஹோஸும் இல்லை. சக்கரம் இரண்டு அங்குலம் வெளியே போனால் ஸ்டீயரிங்கிலிருந்து அதைப் பிடித்திருக்கும் டை ராடும் நீள வேண்டும். இல்லாவிட்டால் டோ (முன்சக்கரங்கள் பார்க்கும் திசை) சரிசெய்யவே முடியாது, இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசை பார்க்கும். ஹோஸ் இன்னும் ஆபத்து. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை முழுக்கக் கீழே தொங்கவிட்டு, ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பழைய ஹோஸ் கம்பி மாதிரி விறைத்து நின்றால் ஓட்டாதீர்கள். கேட்டதற்கு, "அதெல்லாம் தனியாகத்தான் வாங்க வேண்டும், எல்லாருக்கும் தெரியுமே" என்று பதில். போல்ட்டை மாட்டினால் வேலை முடிந்தது என்று சொன்ன அதே வாய்.

சரி, அவற்றை வேறிடத்தில் வாங்கி மாட்டினேன். முதல் ஓட்டத்திலேயே முன்பக்கம் அடித்தளம் வரை போய் முட்டியது. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டால் அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று தெரியும். சாதாரண மேட்டுக்கே அது பம்ப் ஸ்டாப் (கடைசியில் முட்டும் ரப்பர்) வரை தள்ளப்பட்டிருந்தது.

இங்கே இருக்கும் கணக்கை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஏ-ஆர்ம் ஒரு நெம்புகோல். அதை நீட்டிவிட்டு ஷாக் மாட்டும் இடத்தை அங்கேயே விட்டால், சக்கரத்துக்கு நெம்பும் பலம் கூடுகிறது, அதே ஸ்பிரிங் மெலிந்துபோகிறது. எவ்வளவு மெலிகிறது என்பதற்கு, ஷாக் இருக்கும் தூரத்தை ஆர்மின் நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, உள் பிவட்டிலிருந்து (ஆர்ம் சட்டத்தில் சுழலும் இடம்) பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் சக்கரப் பக்கத்தைப் பிடிக்கும் மூட்டு) 14 அங்குலத்திலும் ஷாக் 11 அங்குலத்திலும் இருந்தால், சக்கரத்துக்குக் கிடைப்பது ஸ்பிரிங் பலத்தில் சுமார் 62 சதவீதம். ஆர்மை 16 அங்குலமாக்கினால் அது 47 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஷாக்கின் சாய்வு இந்தக் கணக்கில் சேரவில்லை, அதைச் சேர்த்தால் இன்னும் குறையும். இரண்டே அங்குலத்தில் கால் பங்கு பலம் போய்விடுகிறது. இதைத் தெரிந்து ஆர்ம் செய்பவர்கள் ஷாக் மவுண்ட்டை வேறிடத்தில் வைப்பார்கள், அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் சொல்வார்கள். எனக்கு வந்த ஷாக்கில் ஸ்பிரிங் எந்த வண்டிக்கானது என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல ஸ்பிரிங்கில் நீளமும் பலமும் எண்ணாக அடிக்கப்பட்டிருக்கும். இதில் அந்த எண்ணின் மேல் கனமாகப் பெயின்ட். சுரண்டிப் பார்த்தேன். இடதில் ஓர் எண், வலதில் வேறு எண்.

புகார் சொன்னதும் அவர் கொடுத்த முதல் யோசனை, "பிரீலோடை ஏற்றுங்கள்." பிரீலோடு ஏற்றினால் வண்டி உயரமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் கடினமாகாது. ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு தேவையோ அது மாறவே மாறாது. மேலும் மேலும் முறுக்கினால் முன்பக்கம் உயர்ந்து விறைத்து நிற்கும், சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, குழியில் டயர் தரையை விட்டு எழும். அடுத்த யோசனை, "டயரில் காற்றைக் குறையுங்கள்." அதற்கும் அடுத்தது, "ஓட்ட ஓட்ட செட்டாகிவிடும்." ஓட்ட ஓட்ட செட்டாகவில்லை, எண்ணெய்தான் கசிந்தது.

அப்புறம்தான் ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தண்டைக் கையால் அமுக்கினேன். ஸ்பிரிங் எடுக்க அதற்கான கம்ப்ரசர் கருவி வேண்டும், கயிறு, கிளாம்ப் என்று விளையாடாதீர்கள். நைட்ரஜன் நிரப்பிய ஷாக் என்றால் தண்டை அமுக்கிவிட்டால் தானாக மெதுவாக வெளியே வர வேண்டும். என்னுடையது உள்ளே போனதோடு சரி, அங்கேயே படுத்துக்கொண்டது. ரீபவுண்ட் கிளிக்கரைக் கடைசி வரை மூடிவிட்டுத் தண்டை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், பிறகு முழுக்கத் திறந்து இழுக்க வேண்டும். கைக்கே வித்தியாசம் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கிளிக், கிளிக் என்ற சத்தம் மட்டும் குறையில்லாமல் வந்தது.

ஷாக் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அதைத் திறந்தார். (ரிசர்வாயர் வால்வை வீட்டில் நோண்ட வேண்டாம். சரியாக நிரப்பிய ஷாக்கில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும்.) ஷாக் உடலுக்கும் ரிசர்வாயருக்கும் நடுவே எண்ணெய் போக வழியே இல்லை. வெளியே அழகாகப் பொருத்திய வெற்றுக் குப்பி அது. உள்ளே பிஸ்டனில் இருந்த ஷிம்களை (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வளையத் தகடுகள்) பார்த்து அவர் சிரித்துவிட்டார். எண்ணெய் கறுத்துக் கிடந்தது. ரீபில்ட் என்றால் சீல் மாற்றி, எண்ணெய் மாற்றி, ஆளுக்கேற்ப ஷிம் அடுக்கி, நைட்ரஜன் ஏற்றுவது. இங்கே நடந்தது பெயின்ட் வேலை.

"லாங் டிராவல்" என்பதும் பொய்தான். லாங் டிராவல் ஆர்மில் கீழ் மவுண்ட்டும் பால் ஜாயின்ட் கோணமும் நீளமான ஷாக்குக்கு என்றே அமைத்திருப்பார்கள். கூடுதலாகக் கிடைக்கும் தூரத்தில் பெரும்பகுதி சக்கரம் கீழே தொங்குவதில்தான் வரும். எனக்கு வந்தது சாதாரண ஆர்ம், அதில் நீள ஷாக். வண்டியைத் தூக்கினால் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லையில் போய் முட்டி நிற்கிறது. அப்படியே தாவிக் குதித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் அது முறியும், சக்கரம் தனியாகப் போகும். குரோமோலியா, சாதா இரும்பா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. காந்தம் இரண்டிலும்தான் ஒட்டும். வெல்டைப் பார்க்கலாம்: ஒரே சீராக இருக்கிறதா, அதன் மேல் தடிமனான பவுடர் கோட்டிங் எதையாவது மறைக்கிறதா என்று. என்னுடையதில் ஷாக் மவுண்ட் பக்கம் கோட்டிங் உரிந்தபோது உள்ளே கிரைண்டர் தேய்த்த தடம் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று கைவிரித்துவிட்டார். இந்த வியாபாரமே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. ஓட்டிப் பார்க்காமல் குறை தெரியாது, ஓட்டிவிட்டால் திரும்பக் கொடுக்க முடியாது. ஆனால் ஓட்டாமலே கண்டுபிடிக்கக்கூடியவை நிறைய: ஸ்பிரிங் எண், தண்டு திரும்பி வருவது, கிளிக்கர், ஷாக்கின் கண்ணிலிருந்து கண் வரை நீளம், பெட்டியில் டை ராடும் ஹோஸும் இருக்கின்றனவா என்பது. எல்லாவற்றையும் பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் மட்டும் கழற்றினால் ஷாக்கில் சுவடு விழாது.

வாங்கும் முன் ஸ்பிரிங் பலம், ஷாக் நீளம், எந்த வண்டிக்கு, எந்த எடைக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னதை அவரே பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்பார். எனக்கு உதவியது நான் அனுப்பியிருந்த ஒரு குறுஞ்செய்தி. அதில் "ரிசர்வாயர் வேலை செய்யும்தானே?" என்று கேட்டிருந்தேன், அவர் "கண்டிப்பாக" என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலையும் மெக்கானிக் எடுத்த படங்களையும் சேர்த்துப் பணம் செலுத்திய கார்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறேன். ஷாக்குக்கான தொகையைத் திருப்பித் தர இப்போது சம்மதிப்பதாகத் தகவல் அனுப்பியிருக்கிறார். ஏ-ஆர்முக்குத் தர மாட்டாராம், அதை நான் "கீறிவிட்டேனாம்". அதற்கும் வீடியோ இருக்கிறது, அனுப்பிவிட்டேன்.