தீராத கேஸ்

ஊருக்குப் போய் இறங்கிய அன்று இரவு, தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது.

"பத்து நாளாக அப்படித்தான் இருக்கிறது. மேலே ஐஸ் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. நீ வந்து பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்" என்றார் அம்மா.

வெளிநாட்டுப் பிள்ளை விடுப்பில் வரும்போது செய்வதற்கென்று வீட்டில் வேலைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். வங்கிக் கணக்கு, பல் மருத்துவர், ஒழுகும் குழாய். மூன்று வார விடுப்பில் நான் முதலில் கை வைத்தது ஃப்ரிட்ஜில்.

பால் திரிந்தால் போகட்டும், கதவு அடுக்கில் அம்மாவின் இன்சுலின் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் சமையல் தெர்மாமீட்டரைப் போட்டு நடு அடுக்கில் வைத்து, காலையில் பார்த்தேன்: 17. "மேலேதான் ஐஸ் இருக்கிறதே, அங்கே தூக்கி வைத்துவிடட்டுமா?" என்று அம்மா கேட்டார். நல்லவேளை, கேட்டார். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். மருத்துவரிடம் கேட்டு, கையில் இருந்ததை முதலில் பயன்படுத்தவென்று தனியாக எடுத்துவைத்தோம். புதிதாக வாங்கியது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபோனது.

நான் வேலை பார்க்கும் நாட்டில் ஃப்ரிட்ஜ் பழுதானால் படிவம் நிரப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒருவர் வருவார், சுற்றுப்பலகையை மாற்றச் சொல்வார், அந்த விலைக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று நாமே முடிவு செய்துகொள்வோம். இங்கே தொலைபேசியை வைத்த ஒரு மணி நேரத்தில் வாசலில் ஆள் நின்றார். அந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தீர்ப்பும் அதே வேகத்தில் வந்ததுதான் சிக்கல்.

முதலாமவர் கதவைத் திறந்தார், உள்ளே கையை நீட்டினார், மூடினார். "கேஸ் தீர்ந்துவிட்டது சார். ஏற்றிவிடலாம்." வண்டியில் சிலிண்டர் தயாராக இருந்தது.

ஃப்ரிட்ஜில் கேஸ் தீராது. அது எரிந்து செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஒரே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிட பம்ப் வைத்து இழுத்துவிட்டு, அதன்பிறகே கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் ஏற்றுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புகிற கதை.

ஃப்ரிட்ஜின் பின்புறம் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். ஆர்600ஏ, 52 கிராம். அவருடைய சிலிண்டரில் எழுதியிருந்தது ஆர்134ஏ. கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்றல்ல. ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸில் உள்ள பியூட்டேனின் உடன்பிறப்பு, தீப்பிடிக்கும். ஆர்134ஏ வேறு வேதிப்பொருள், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் அதற்கு வேறு, உள்ளே ஊற்றும் எண்ணெய்கூட வேறு. என் சிறுவயதில் எல்லா ஃப்ரிட்ஜிலும் ஆர்12 இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபிறகு அது படிப்படியாக விடைபெற்றது. கேஸ் இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிட்டது. 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நான் ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுப் பார்த்தேன். இந்த வகைகளில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் நன்றாகச் சூடாக இருந்தன. உள்ளே இருக்கும் வெப்பத்தை ஏதோ ஒன்று இன்னும் வெளியே சுமந்து வருகிறது. கேஸ் போயிருந்தால் இந்தச் சூடு ஏது? யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அடுத்து, ஃப்ரிட்ஜைச் செய்த நிறுவனத்தின் சேவைப் பிரிவு. புகார் எண் உடனே வந்தது. மறுநாள் 'உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தியும் வந்தது. வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. மறுபடி அழைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். சீருடை, கைக்கணினி, பணிவான பேச்சு. ஃப்ரிட்ஜின் பின்னால் குனிந்து கம்ப்ரசர் மேல் கை வைத்தார், சட்டென்று எடுத்தார். "கொதிக்கிறது சார். கம்ப்ரசர் பலவீனமாகிவிட்டது. மாற்றுவதைவிட எக்ஸ்சேஞ்சில் புதிது எடுப்பது நல்லது." கைக்கணினியில் புதிய மாடல்களின் படங்களும் தயாராக இருந்தன.

கம்ப்ரசர் சூடாகத்தான் இருக்கும். ஓயாமல் ஓடினால் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கீழ் அறை குளிர்ந்துவிட்டது என்று உணரி சொல்லாதவரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை; பாவம், ஓடிக்கொண்டேதான் இருக்கும். உண்மையில் கம்ப்ரசரோ அதைக் கிளப்பிவிடும் ரிலேயோ கெட்டிருந்தால் அறிகுறி வேறு: கிளம்ப முயன்று, 'ம்ம்ம்' என்று முனகி, 'டக்' என்று ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்து, சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தமும் இல்லை.

இதையெல்லாம் இன்று நிதானமாக எழுதுகிறேன். அன்று புதிதே வாங்கிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. விடுப்பில் வந்தவனுக்கு நாட்களைவிடப் பணம் மலிவு. அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "மேலே ஐஸ் கட்டுகிறது. கெட்டுப்போன கம்ப்ரசர் எப்படி ஐஸ் கட்டும்?" வந்தவர்கள் இருவரும் எழுப்பாத கேள்வி.

மூன்றாமவரைச் சொன்னது, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க வருகிற எலக்ட்ரீஷியன். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு துணிப்பையோடு வந்தார். சிலிண்டர் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, இது எப்போதாவது தானாகவே சரியானதா?"

"ஆனதே தம்பி. போன மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது அணைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். மூன்று நாள் கழித்து வந்து போட்டேன், புதிது மாதிரி குளிர்ந்தது. பத்து நாள்தான். பிறகு பழையபடி ஆகிவிட்டது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாதி வேலை முடிந்தது சார்."

இதே கதையை அம்மா முதலாமவரிடம் சொன்னார், இரண்டாமவரிடமும் சொன்னார். நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் தொலைபேசியில் என்னிடமும் சொன்னார். "சரி, வந்து பார்க்கிறேன்" என்று பேச்சை மாற்றியவன் நான்.

பனி உறையாத வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது ஓரிடத்தில் மட்டும்: ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயிலில். அங்கிருந்து ஒரு சிறு மின்விசிறி குளிர்காற்றைக் கீழ் அறைக்குத் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரம் அந்தக் காயிலில் பனியாகப் படியும். அதனால் கம்ப்ரசர் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் சற்று நிற்கும். காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் இருபது நிமிடம் போல எரிந்து பனியை உருக்கும். நீர் ஒரு துளை வழியாக இறங்கி கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். குளிர்விக்கும் பெட்டிக்குள் ஒரு ஹீட்டர் இருப்பதை அம்மாவால் கடைசிவரை நம்ப முடியவில்லை. இந்த ஏற்பாடு நின்றுபோனால் பனி நாளுக்கு நாள் தடித்து, காற்றின் வழியை அடைத்துவிடும். மேலே ஐஸ் இருக்கும், கீழே வெதுவெதுப்பு. மூன்று நாள் அணைத்து வைத்தால் பனி உருகி வழி திறக்கும். மறுபடி அடைபட ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையின் இரண்டு திருகுகளை அவர் கழற்றினார். பலகை வரவில்லை. உள்ளிருந்து பனி அதைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு குவளை வெந்நீரில் துண்டை நனைத்து ஒற்றி ஒற்றிக் கொடுத்ததும் 'கரக்' என்று விட்டது. உள்ளே காயிலே தெரியவில்லை. சுவர் முழுக்க ஒரே வெள்ளைக் கட்டி, மேல் ஓரத்தில் மின்விசிறியின் இறக்கை உரசிய இடத்தில் மட்டும் பிறை போல ஒரு பள்ளம்.

"இதைப் பாருங்கள் சார். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பனி. கேஸ் குறைந்திருந்தால் அது நுழைகிற முனையில் மட்டும் கொஞ்சம் பனி இருக்கும், மீதிக் குழாய் வெறுமையாகக் கிடக்கும்." பலகையை அன்றே கழற்றியிருந்தால் முதலாமவரும் இதைக் கண்டிருப்பார். இரண்டே திருகுகள்.

அம்மா உதவி செய்வதாகக் கத்தியோடு வந்தார். மூன்றாமவர் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவின் பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ் அப்படித்தான் போனது: ஐஸைக் கத்தியால் குத்தியதில் அலுமினியக் குழாய் பொத்தலாகி, புஸ்ஸென்று ஒரு சத்தம். அன்று மட்டும் எங்கள் வீட்டில் கேஸ் மெய்யாகவே தீர்ந்தது.

கட்டி முழுவதும் உருக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். ஹீட்டரின் மின்தடை 340 ஓம் காட்டியது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 156 வாட் வருகிறது, ஹீட்டரின் மேல் அச்சிட்டிருந்த 150-க்குப் பக்கம்தான். ஹீட்டர் நன்றாக இருக்கிறது. அதற்கு மின்சாரம் போகும் வழியில் இருப்பது பைமெட்டல், குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்பத் தானாக இணைந்து பிரியும் சுவிட்ச், பெரிய நாணயம் அளவுள்ள ஒரு வில்லை. அதைச் சோதித்தார், மீட்டர் மௌனமாக இருந்தது.

"இதுதான் கெட்டுவிட்டது, இல்லையா?" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். அறைச் சூட்டில் இது திறந்துதான் இருக்க வேண்டும். கடுங்குளிரில்தான் இணையும். இப்போது பார்த்துவிட்டுக் கெட்டது என்று எறிந்தால் நல்லதையும் எறிந்துவிடுவோம்."

ஃப்ரிட்ஜிலிருந்து விழுந்த அதே பனிக்கட்டிகளை ஒரு கிண்ணத்தில் அள்ளினார். அம்மாவிடம் கல்லுப்பு கேட்டு வாங்கி இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறினார். வெறும் ஐஸ் சுழியம் டிகிரியில் நின்றுவிடும். உப்பு சேர்ந்தால் அதற்குக் கீழே இறங்கும். என் தெர்மாமீட்டரை நுழைத்தேன்: மைனஸ் 14. வில்லையை பாலிதீனில் சுற்றி உள்ளே புதைத்து, இரண்டு வயர்களையும் மீட்டரில் மாட்டிவிட்டு, காபி குடித்தார். பத்து நிமிடம் ஆனது. மீட்டர் வாய் திறக்கவில்லை. பையிலிருந்து புதிய வில்லையை எடுத்து அதே கிண்ணத்தில் புதைத்தார். மூன்றாவது நிமிடம் 'பீப்' என்று சத்தம் வந்தது. அம்மா கைதட்டினார்.

பொருத்தும்போது வடிகால் துளையையும் பார்த்தார். கறுப்பாக ஏதோ வழுவழுப்பு அடைத்திருந்தது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீரைச் செலுத்தி, கீழே தட்டில் சொட்டும் சத்தம் கேட்கும்வரை விடவில்லை. கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். தாள் எளிதில் வரவில்லை, ரப்பர் பிடிமானமாக இருக்கிறது. முழு வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்து அவர் கேட்டது, முதலாமவர் கேஸுக்குச் சொன்னதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்தார்.

"நாளைக்குள் குளிர்ந்துவிடும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பனியை எடுத்ததற்கே அது குளிரும். ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. ராத்திரியில் காது கொடுத்துக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேர மாற்றத்தில் எப்படியும் எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டாம் இரவு மூன்று மணிக்குக் கம்ப்ரசர் நின்றது. வீடு அமைதியானது. சற்று நேரத்தில் ஃப்ரீசருக்குள்ளிருந்து, சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். பனித்துளி ஹீட்டரில் விழுகிறது. பிறகு பின்பக்கத் தட்டில் சொட்டு, சொட்டு. காலையில் தம்ளரில் தெர்மாமீட்டர் 4 காட்டியது. பக்கத்து வீட்டிலிருந்து இன்சுலின் திரும்பி வந்தது, இந்த முறை கதவில் அல்ல, நடு அடுக்கில்.

நான் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து அம்மா பேசினார். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லையாம், அம்மாவை வந்து பார்க்கச் சொன்னார்களாம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"எப்போதாவது தானாகச் சரியானதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் இது வேறு கேஸ், அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்."