எடையைக் கேட்காத டயட்டீஷியன்

நடனக் கலைஞர்களுக்கென்றே வேலை செய்யும் டயட்டீஷியன்கள் இருக்கிறார்கள் என்பது ஆடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. விளையாட்டு ஊட்டச்சத்து படித்தவர்கள். ஓட்டப்பந்தயக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் மற்றவர்கள் செய்வதை இவர்கள் நமக்குச் செய்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வீடியோ அழைப்பு வழியாக ஆலோசனை பெற்று வருகிறேன். ஆடுவதும் ஆடக் கற்றுக்கொடுப்பதும்தான் என் தொழில். எடைப் பேச்சு சிறுவயதிலிருந்தே கூட வருகிறது. அந்தச் சேவை எப்படி இருக்கிறது, எங்கே குறை, யாருக்கு உதவும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இதற்கு முன்னால் ஓர் எடைக்குறைப்பு மையத்தில் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நாள் முழுக்க ஒத்திகையில் நிற்பவருக்கும் அங்கே ஒரே அட்டவணைதான். காலையும் மாலையும் ஆடுகிறேன் என்று சொன்னதற்கு, "ரொம்ப நல்லது, சீக்கிரம் குறையும்" என்றார்கள். குறையவும் செய்தது. கூடவே குதிக்கும் உயரம் குறைந்தது, தூக்கம் குறைந்தது, பொறுமையும் குறைந்தது.

புதியவரிடம் முதல் சந்திப்புக்கு முன்பே ஒரு படிவம் வந்தது. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் ஒத்திகை? ஒத்திகைக்கு முன் கடைசியாக எப்போது சாப்பிடுகிறீர்கள்? எலும்பில் கீறல் விழுந்து எப்போதாவது ஆடாமல் இருந்ததுண்டா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மற்றவர்களுக்குக் குளிராத இடத்தில் உங்களுக்குக் குளிர்கிறதா? ராத்திரி நடுவில் பசித்து விழிப்பு வருகிறதா? இப்படியே இரண்டு பக்கம் போனது. எடைக்கென்று கட்டமே இல்லை. அழைப்பில் நானாகவே எண்ணைச் சொன்னேன். "குறித்துக்கொள்கிறேன், இப்போதைக்கு அது எனக்குத் தேவைப்படாது. நேற்று என்ன ஆடினீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார். என் உடம்பைப் பற்றிப் பேசிய ஒருவர் அதை வேலை செய்கிற உடம்பாகப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி அந்த ஒரு கேள்விக்கே போகும்.

அப்புறம் திரையிலேயே ஒரு வெள்ளைத் தாளைத் திறந்து கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவருடைய உடம்பில் கொழுப்பைக் கழித்துவிட்டு மீதி 40 கிலோ என்று வையுங்கள். அவர் ஒரு நாளில் 1,500 கலோரி சாப்பிடுகிறார், அதில் 500 ஆட்டத்துக்கே போய்விடுகிறது. மீதி 1,000. அதை 40 ஆல் வகுத்தால் 25. இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன், காயம் ஆறுவது என்று மற்ற எல்லா வேலைக்கும் உடம்பின் கையில் இருப்பது கிலோவுக்கு அந்த 25 கலோரிதான். 45 இருந்தால் தாராளம். 30க்குக் கீழே போனால் பெண்களுக்கு மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்குவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 30 என்பது எல்லோருக்கும் பொதுவான கோடு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னார். அந்தத் தாளில் 25ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, "இவர் சோம்பேறியும் இல்லை, மன உறுதி இல்லாதவரும் இல்லை. கையில் காசு இல்லாதவர்" என்றார். பிறகு தாளை மூடிவிட்டார். எனக்கென்று ஒரு கலோரி எண்ணை அவர் இன்றுவரை கொடுக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்வது என்று பிறகு புரிந்தது.

இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர். விளையாட்டில் உடம்புக்கு வேண்டிய ஆற்றல் போதாமல் போவதால் வரும் கோளாறுகளுக்கு 2014ஆம் ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வைத்த பெயர் அது. அதற்கு முன் இதைப் பெண்களுக்கு மட்டும் வரும் பிரச்சினையாகவே பார்த்தார்கள்: சாப்பாடு போதாமை, மாதவிடாய் நிற்பது, எலும்பு வலுவிழப்பது, இந்த மூன்றும் சேர்ந்தது. புதிய பெயருக்குள் ஆண்களும் வந்தார்கள். என் வகுப்பில் ஆடும் பையன்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

நடன உலகில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அலசலில், நடனக் கலைஞர்களில் 12 சதவீதம் பேருக்கும் பாலே ஆடுகிறவர்களில் 16.4 சதவீதம் பேருக்கும் உணவுக் கோளாறு இருப்பதாகக் கண்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 2003இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கம் பாலே கலைஞர் அனஸ்தாசியா வோலோச்கோவாவை வேலையிலிருந்து நீக்கியது. தூக்கி ஆட முடியாத அளவுக்குக் கனம் என்று காரணம் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. 2010இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் ஆடிய ஜெனிஃபர் ரிங்கரைப் பற்றி ஒரு பெரிய நாளிதழின் விமர்சகர், இனிப்பு ஒன்று அதிகமாகத் தின்றுவிட்டார் போலிருக்கிறது என்று எழுதினார். ரிங்கர் உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வந்தவர். உச்சியில் இருப்பவர்களிடமே இப்படிப் பேசுகிறார்கள் என்றால், ஒரு சின்ன வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எப்படிப் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "வயிறு தெரியுது" என்ற வார்த்தையை நான் எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறேன்! சொன்னவர்கள் எல்லோரும் திருத்துவதாகவே நினைத்துச் சொன்னார்கள்.

சரி, சேவைக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த திட்டம் மூன்று தட்டுப் படங்கள், அவ்வளவுதான். அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் ஊட்டச்சத்து நிபுணர்களும் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து வடிவமைத்த முறை அது. லேசான நாளில் பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். இரண்டு ஒத்திகையும் ஒரு நிகழ்ச்சியும் இருக்கிற நாளில் அது அப்படியே புரளும்: பாதித் தட்டு தானியம், காய்கறி கால் பங்காகும். நடுத்தர நாளுக்கு இரண்டுக்கும் இடையில் ஒன்று. ராத்திரி படுக்கப் போகும்போது நாளைய ஒத்திகை நேரத்தைப் பார்த்து எந்தத் தட்டு என்று முடிவு செய்ய வேண்டும். நிகழ்ச்சி நாளில் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று சிறுவயதிலிருந்து பழகியவளுக்கு, அன்றுதான் தானியத்தைக் கூட்டச் சொல்லும் படம் முதலில் பயத்தைக் கொடுத்தது. பயத்தை அவரிடம் சொன்னேன். ஒரேயடியாக மாற்ற வேண்டாம், நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பு வழக்கமாகச் சாப்பிடுவதோடு ஒரு கைப்பிடி சேருங்கள், அது போதும் என்றார்.

எடை மெஷினைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயத்தை ஆடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தசையில் சேமித்து வைக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். அது ஒரு கிராம் இருந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் இருக்கும். மேடைக்கு முந்தைய வாரம் மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டே நாளில் முள் இறங்குவது அதனால்தான். இறங்கியதில் கொழுப்பு கொஞ்சம்தான். பெரும்பாலும் தண்ணீரும், ஆடுவதற்கு வைத்திருந்த எரிபொருளும். மூன்றாவது பாட்டுக்கு மேல் கால் கனப்பதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. இத்தனை வருடங்களில் எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

இன்னொன்று, சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருப்பது. ஒத்திகை நடுவில், பயணத்தில், தூங்கப் போகும்போது என்று எப்போதும் அந்த நினைப்பு வருவதாகச் சொன்னேன். அவர் மினசோட்டா சோதனையைச் சொன்னார். 1944 முதல் 1945 வரை ஆன்சல் கீஸ் என்பவர் தலைமையில் நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், மன உறுதி உள்ளவர்கள். அவர்களே சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல், எரிச்சலும் சோர்வுமாகிப் போனார்கள். "பசித்த மூளை அப்படித்தான் செய்யும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு என்று என் மாணவி ஒருத்தி வெட்கத்தோடு சொன்னபோது, இதை அப்படியே அவளுக்கும் சொன்னேன்.

குறைகளும் உண்டு. பெரிய குறை அவர்கள் தரும் ஆப். சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஆப் தானாகவே கலோரியைக் கணக்கிட்டு ஒரு மூலையில் எண்ணைக் காட்டுகிறது, கூடினால் சிவப்பாக்குகிறது. கலோரி எண்ணைக் கொடுக்காத டயட்டீஷியனும் கலோரியைச் சிவப்பில் காட்டும் ஆப்பும் ஒரே சேவையில் எப்படி இருக்க முடியும்? நான் சொன்ன பிறகு எண் தெரியாதபடி மாற்றிக் கொடுத்தார். ஆடுகிறவர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உணவுக் கோளாறு இருந்தவர்கள் சேர்வதாக இருந்தால் படிவம் நிரப்பும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

மேடைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. உடை மாட்டிய பிறகு சாப்பிட முடியாது, ஒப்பனை கலையும், குளிர்சாதனப் பெட்டி இருக்காது, நேரம் எப்போதும் தள்ளிப்போகும். முதலில் வந்த பட்டியலில் பாதி அங்கே நடக்காதவை. பேசிப் பேசித்தான் வாழைப்பழம், உலர்ந்த பழம், கொட்டை வகை, சின்ன பாட்டிலில் பால் என்று வழிக்கு வந்தோம். தொடர் சந்திப்புகள் அரை மணி நேரம்தான், அது போதவில்லை. நிகழ்ச்சி வாரத்தில் அனுப்பிய செய்திக்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. கட்டணமும் குறைவில்லை. கண்ணாடி முன் நிற்கும்போது மனதில் ஓடுவதற்கு வைத்தியம் தன்னிடம் இல்லை என்று அவரே சொல்லி ஓர் உளவியலாளரிடம் போகச் சொன்னார். அந்த நேர்மை பிடித்தது. ஆனால் அது தனிச் செலவு, சேரும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எடை கொஞ்சம் ஏறி, நின்றுவிட்டது. ஓர் உடையில் தையல்காரர் பக்கத் தையலைப் பிரித்துக் கால் அங்குலம் விட்டுக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு முழு நிகழ்ச்சியும் ஆடி முடித்தபோது மூச்சு மிச்சம் இருந்தது. விரல் நுனிகளில் குளிர் இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம், குறைவாக இருந்தது தெரிந்தது, மருத்துவர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். இந்தப் பரிசோதனையை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம் என்பது இன்னொரு குறை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

நீங்கள் வேறு யாரிடமாவது போவதாக இருந்தால், முறையாகப் பதிவு செய்த டயட்டீஷியனா, ஆடுகிறவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தத் தேதிக்குள் இத்தனை கிலோ என்று முதல் அழைப்பிலேயே வாக்குக் கொடுப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருந்தாலோ, எலும்பில் அடிக்கடி கீறல் விழுந்தாலோ, மயக்கம் வந்தாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள், டயட்டீஷியன் அப்புறம். பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோருக்கு: எலும்பின் வலுவில் பெரும்பகுதி வளர்கிற வயதிலேயே சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் எடைக்குறைப்புத் திட்டம் எதையும் நீங்களாகவோ வகுப்பு ஆசிரியர் சொல்லியோ தொடங்காதீர்கள். முதல் அழைப்பில் பிள்ளையோடு சேர்ந்து உட்காருங்கள், கேள்விகளுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும்.